பதினேழாம் கவிதைக்கு அணி சார் சொன்ன பொருள்

அணி சாருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் மாணவர்களுக்கான வழிகாட்டிப் புத்தகங்கள் போடும் பதிப்பகத்தில் இருபத்தெட்டு வருஷமாக அணி இலக்கணப் பகுதியை எழுதிவருகிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? முதலாளி முதல் மாடிப்படி கூட்டுகிற அம்மா வரை எல்லோருக்கும் அவர் அணி சார்தான். எதிர்வீட்டுக்காரர் மட்டும் இவர் ஏதோ நகைக்கடையில் வேலை பார்க்கிறார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு கவிதையை அவரிடம் கொடுத்தால் போதும். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வார், பென்சிலை எடுப்பார், நீங்கள் ஒரு டம்ளர் டீ குடித்து முடிப்பதற்குள் எந்த வரியில் எந்த அணி ஒளிந்திருக்கிறதோ அதைக் காதைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்திவிடுவார். போல, புரைய, அன்ன என்று ஏதாவது வந்தால் உவமை. அந்தச் சொல் மறைந்து நின்றால் எடுத்துக்காட்டு உவமை. அதுவேதான் இது என்று அடித்துச் சொன்னால் உருவகம். தானாக நடக்கிற ஒன்றின்மேல் கவிஞர் தன் எண்ணத்தை ஏற்றிச் சொன்னால் தற்குறிப்பேற்றம். ஊதிப் பெருக்கினால் உயர்வு நவிற்சி. உள்ளதை உள்ளபடியே சொன்னால் இயல்பு நவிற்சி. இந்தக் கடைசி அணிக்கு மட்டும் அவர் புத்தகத்தில் இரண்டே வரி. பக்கத்திலேயே 'தேர்வில் அதிகம் கேட்கப்படுவதில்லை' என்று ஒரு குறிப்பும் உண்டு.

வருஷா வருஷம் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினார்கள். வாங்கட்டும், அதில் தப்பில்லை. ஆனால் அணி சாரிடம் ஒரு ரகசியம் இருந்தது. கவிதை படித்து அவருக்கு ஒருநாளும் ஒன்றும் ஆனதில்லை. எட்டாம் வகுப்பில் ஆசிரியை ஓர் இரங்கல் பாட்டைப் படித்தபோது வகுப்பே மூக்கை உறிஞ்சியது. இவருக்குக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துத் தானும் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். மறுநாள் ஆசிரியை, "இதுல என்ன அணி?" என்று கேட்டார். அழுதவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. இவர் கை தூக்கினார். தூக்கிய கையை அதற்குப் பிறகு இறக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் புரிகிற ஏதோ ஒன்று தனக்குப் புரியவில்லை என்பது வெளியே தெரிந்துவிடக் கூடாது. அவருடைய மொத்தப் படிப்பும் உத்தியோகமும் அந்தப் பயத்தின் மேல் கட்டியதுதான்.

வீடு இரண்டாம் மாடியில். சமையலறை ஜன்னலைத் திறந்தால் கை நீட்டித் தொடுகிற தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். உச்சி வெயிலிலும் அங்கே விளக்குப் போட்டால்தான் பாத்திரம் எது, மூடி எது என்று தெரியும். விளக்கு விஷயத்தில் அணி சார் படு கறார். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவருக்கு ஆகவே ஆகாது. எந்த அறையை விட்டு எழுந்தாலும் கை தானாகச் சுவிட்சுக்குப் போய்விடும். சின்ன வயதில் பழகியது. நல்ல பழக்கம் என்று மகளுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்.

அவர் மனைவி அதிகம் பேசாதவர் என்று அக்கம்பக்கத்தில் பெயர். நூலகத்தில் வாரம் இரண்டு புத்தகம் எடுப்பார், அங்கே உள்ள நூலகர் அம்மாவோடு ஒரு மணி நேரம் நின்றுகொண்டே பேசுவார். ஆகவே பேசவே தெரியாதவர் என்று சொல்ல முடியாது. வீட்டில் பேசுவதற்குத் தோது இல்லை, அவ்வளவுதான். ஒருமுறை, "தலை பாரமா இருக்குங்க, மூட்டையைத் தூக்கி வெச்ச மாதிரி" என்றார். "பாத்தியா, 'மாதிரி' வந்துடுச்சு! உவமை" என்று அணி சார் பூரித்துப் போனார். மாத்திரையை அந்த அம்மாளே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

கல்யாணமாகி இருபத்தாறாவது வருஷம் நூலகத்தில் கவிதைப் போட்டி வைத்தார்கள். நடுவர்கள் இரண்டு பேர்: அணி சார், நூலகத்துக்கு எதிரில் இருக்கும் மருந்துக்கடைக்காரர். மருந்துக்கடைக்காரர் எதற்கு என்றால், அவர்தான் நாற்காலிகளுக்கு வாடகை கொடுத்தார். அணி சார் எதற்கு என்று யாரும் கேட்கவே இல்லை. பரிசு பெறும் கவிதையை, விளக்கத்தோடு, வழிகாட்டியின் புதிய பதிப்பில் எடுத்துக்காட்டாகச் சேர்ப்பதாக அவருடைய முதலாளியும் ஒப்புக்கொண்டிருந்தார். எழுதியவர் பெயர் தெரியாமலிருக்க, வந்த கவிதைகளை எல்லாம் நூலகர் அம்மாவே தட்டச்சு செய்து எண் மட்டும் போட்டு வைத்திருந்தார்.

பதினேழாம் எண் கவிதை இது:

அவர் எழுந்து போகும்போது
விளக்கை அணைத்துவிட்டுப் போகிறார்.
நான் உள்ளே இருக்கிறேன்.

கத்தி கையில் இருக்கிறது.
பாதி வெங்காயம் பலகையில் இருக்கிறது.
சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன்.
பிறகு தொட்டுப் பார்த்து
நறுக்கக் கற்றுக்கொண்டேன்.

இப்போது விரல் வெட்டுப்படுவதில்லை.
அதுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

உங்களுக்கு இதற்குள் விஷயம் விளங்கியிருக்கும். விளங்காமல் இருந்தால் நீங்களும் அணி சாரும் ஒரு கட்சி. அவர் பென்சிலை எடுத்தார். விளக்கு என்றால் அறிவு. அணைத்துவிட்டுப் போகிறவர் காலம். கத்தி, துன்பம். வெங்காயம், உரிக்க உரிக்க ஒன்றும் மிஞ்சாத வாழ்க்கை. 'நான்' என்பது மனித உயிர். எதையும் மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் உருவகமாக்கியிருப்பதால் இது முற்றுருவகம். ஓரத்தில் அப்படியே எழுதி, அடியில் கோடும் போட்டார்.

மருந்துக்கடைக்காரர் கவிதையை இரண்டு தடவை படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "சார், எனக்கு அணியெல்லாம் தெரியாது. ஆனா இது யாருக்கோ நிஜமா நடந்த மாதிரி இருக்கு. வீட்டுக்காரர் லைட்டை அணைச்சுட்டுப் போயிடறாரு, பாவம்."

"மேலோட்டமா படிக்கறவங்களுக்கு அப்படித்தான் தோணும்" என்றார் அணி சார், நோயாளிக்கு ஆறுதல் சொல்கிற குரலில். "கவிதையில விளக்குன்னு வந்தா அது விளக்கா இருக்காது. அது விளக்காவே இருந்தா அப்புறம் கவிதை எதுக்கு?"

மேசைக்கு அந்தப் பக்கம் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்த நூலகர் அம்மா நிமிர்ந்து பார்த்தார். "இன்னொரு தடவை மெதுவா படிச்சுப் பாருங்களேன் சார்" என்றார். அணி சார் சிரித்தார். முதல் பரிசு பதினேழுக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார்.

பரிசளிப்பு அன்று நூலகக் கூடத்தில் அறுபது பேருக்குக் குறையாது. வெளியூரில் வேலை பார்க்கும் மகள், அப்பா மேடையில் பேசுவதைக் கேட்க என்றே வந்திருந்தாள். நாலாவது வரிசையில் அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். நூலகர் அம்மா கவிதையை நிதானமாகப் படித்தார். படித்து முடிக்கும்போது மகள் திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அணி சார் ஒலிவாங்கியைச் சரி செய்துகொண்டிருந்தார்.

அன்றைக்கு அவர் பேசியதுபோல் என்றைக்கும் பேசியதில்லை. கால் மணி நேரம். அறிவு அணைவதைச் சொன்னார், காலம் எழுந்து போவதைச் சொன்னார், வெங்காயத்தைத் தோல் தோலாக உரித்துக் காட்டினார். ஜனங்கள் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் சொக்காய்க் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"யோசிச்சுப் பாருங்க. பொண்டாட்டி உள்ள நின்னு கத்தியோட வேலை பார்த்துட்டு இருக்கா. அவளை இருட்டுல விட்டுட்டு விளக்கை அணைச்சுட்டுப் போற மனுஷன் ஒருத்தன் இருப்பானா? அப்படி ஒரு ஜடம் உலகத்துல உண்டா? கிடையாது! ஆகவே, இது விளக்கே இல்ல!"

கூடம் சிரித்தது, கை தட்டியது. மகள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பதினேழாம் கவிதையை எழுதினவங்க மேடைக்கு வரணும்" என்றார் நூலகர் அம்மா. நாலாவது வரிசையில் அணி சாரின் மனைவி எழுந்தார். வழிவிடத்தான் எழுகிறார் என்று முதலில் நினைத்தார் அணி சார். பிறகு கழிவறைக்குப் போகிறார் என்று நினைத்தார். அந்த அம்மாள் மேடைப் படியில் கால் வைத்த பிறகும்கூட, தன்னிடம் ஏதோ அவசரமாகச் சொல்ல வருகிறார் என்றுதான் நினைத்தார்.

சான்றிதழை வாங்கிக்கொண்டதும் நூலகர் அம்மா இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். மனைவி ஒலிவாங்கியைவிட்டுக் கொஞ்சம் எட்டி நின்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அணி சாருக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

"எல்லாருக்கும் நன்றி. இவர் பெரிசு பெரிசா சொன்னாரு. நான் அப்படியெல்லாம் யோசிச்சு எழுதல. அது விளக்குதான். எங்க வீட்டுச் சமையலறை விளக்கு."

கடைசி வரிசையில் ஒருவர் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். அறுபது முகமும் அணி சாரை நோக்கித் திரும்பின. மருந்துக்கடைக்காரர் மட்டும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரக்கம்தான் அணி சாரைக் கொன்றது. அப்படி ஒரு ஜடம் உலகத்தில் உண்டா என்று ஒலிபெருக்கியில் கேட்டவர் அவரேதான். பதிலும் அதே ஒலிபெருக்கியில் வந்துவிட்டது.

மூன்று பேரும் நடந்தே வீட்டுக்கு வந்தார்கள்.  இரண்டாவது தெரு திரும்பும்போது மகள்தான் ஆரம்பித்தாள்.

"நான் ஹோம்வொர்க் எழுதிட்டு இருக்கும்போதும் அணைச்சுட்டுப் போவீங்கப்பா. நான் 'அப்பா, நான் இருக்கேன்'னு கத்துவேன். உடனே போட்டுடுவீங்க. அம்மா கத்தமாட்டாங்க."

 அணி சார், "இதை என்கிட்ட நேர்லயே சொல்லியிருக்கலாமே? நாலு பேர் முன்னாடிதான் சொல்லணுமா?" என்றார். கேட்கும்போதே அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று அவர் காதுக்கே பட்டது.

"நாலு பேருக்காகப் போடலைங்க" என்றார் மனைவி. "நீங்க நடுவர்னு போட்டிருந்துது. வீட்டுல நான் சொல்றது உங்க காதுல விழறதில்ல. கவிதைன்னா உக்காந்து படிப்பீங்கல்ல. அதான் போட்டேன்."

தண்டனை என்றால் இதுதான் தண்டனை. மேடையில் நடந்தது வெறும் அவமானம். பத்து நாளில் ஜனங்கள் மறந்துவிடுவார்கள். ஆனால் இருபத்தாறு வருஷமாகக் கூட இருப்பவள் அவரிடம் ஒன்றைச் சொல்ல, அவர் படிக்கிற ஒரே மொழியில் எழுதி, அவர் கையிலேயே சேரும்படி அனுப்பியிருக்கிறாள். அவர் அதைப் படித்தார். படித்து முதல் பரிசும் கொடுத்தார். அப்போதும் அது அவருக்குப் போய்ச் சேரவில்லை. தானாக நடக்கிற ஒன்றின்மேல் தன் எண்ணத்தை ஏற்றிச் சொல்வது தற்குறிப்பேற்றம் என்று இருபத்தெட்டு வருஷமாக எழுதியவர், கவிஞர் செய்யாத அந்த வேலையை நடுவராக இருந்து தானே செய்திருந்தார்.

அடுத்த வாரம் முழுக்க அவர் மருந்துக்கடைப் பக்கம் போகவில்லை; கண் சொட்டு மருந்து தீர்ந்தும் சுற்றுவழியில் அலுவலகம் போனார். அலுவலகத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? மேடைப் பேச்சு அங்கேயும் பரவியிருந்தது. பக்கம் வடிவமைக்கும் பெண் சாப்பாட்டு நேரத்தில் கணினியை அணைத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம் "இது கம்ப்யூட்டர் இல்லடி, அறிவு" என்றாள். இவர் வாசலில் நிற்பதைப் பார்த்து அவள் முகம் வெளிறிவிட்டது. அவர் தலையைக் குனிந்து தன் மேசைக்குப் போனார். கண்டிக்க யோக்கியதை இல்லை என்று அவருக்கே தோன்றியது.

அன்று மதியம் மேசையில் உட்கார்ந்து பதினேழாம் கவிதையை மறுபடி எடுத்தார். பென்சிலை வேண்டுமென்றே இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். 'இப்போது விரல் வெட்டுப்படுவதில்லை' என்ற வரிக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். கல்யாணமான புதிதில் மனைவியின் இடதுகை விரலில் எப்போதும் ஒரு பிளாஸ்திரி இருக்கும். ஒன்று காய்வதற்குள் இன்னொன்று. 'கொஞ்சம் பார்த்து நறுக்கக்கூடாதா?' என்று எத்தனை முறை கேட்டிருக்கிறார்! மருந்துக்கடையிலிருந்து பிளாஸ்திரிப் பெட்டி வாங்கிவந்து கொடுத்தவரும் அவர்தான். நல்ல கணவன் என்று அன்றைக்குத் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டதும் ஞாபகம் வந்தது. பிறகு ஏதோ ஒரு வருஷம் பிளாஸ்திரி நின்றுபோனது. கைப்பக்குவம் வந்துவிட்டது என்று விட்டுவிட்டார்.

 கண் கலங்கியது. ஐம்பத்துநாலு வயதில் முதன்முதலாக ஒரு கவிதை படித்து அவருக்கு என்னவோ ஆனது. எட்டாம் வகுப்பில் எல்லோருக்கும் ஆனது இதுதானா என்று நினைத்தார். இவ்வளவு வெட்கமாகவா இருக்கும்?

புதிய பதிப்புக்கான பக்கங்களை வெள்ளிக்கிழமைக்குள் கொடு கொடு என்று முதலாளி கழுத்தைப் பிடித்தார். கவிதையை விட்டுவிட்டு வேறு ஏதாவது போட்டுக்கொள்ளச் சொல்லவும் தயாராக இருந்தார். அணி சார் ஒப்பவில்லை. முற்றுருவகத்தின் கீழ் தான் எழுதியிருந்ததைக் குறுக்குக் கோடு போட்டு அடித்தார். இயல்பு நவிற்சிக்கு இருந்த இரண்டு வரியை ஒரு முழுப் பக்கமாக எழுதினார். நாலு தடவை அடித்து எழுதினார். 'தேர்வில் அதிகம் கேட்கப்படுவதில்லை' என்ற குறிப்பை எடுத்துவிட்டார். அதன் கீழே மனைவியின் கவிதை, மனைவியின் பெயரோடு. விளக்கம் என்று ஒரே வரி: 'இக்கவிதையில் விளக்கு என்பது விளக்கு, கவிஞர் தன் வீட்டில் நடந்ததை நடந்தபடி சொல்கிறார், படிப்பவர் செய்ய வேண்டியது நம்புவது ஒன்றே.'

எழுதி முடித்ததும் ஒரு பாரம் இறங்கினாற்போல் இருந்தது. அன்றைக்கு அரை மணி முன்னதாகவே வீட்டுக்குக் கிளம்பினார். தெருவில் நல்ல வெயில் இருந்தது. சமையலறையில் வழக்கம்போல் விளக்கு எரிந்தது. மனைவி பலகையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அணி சார் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உன் கவிதையை இடம் மாத்திட்டேன்" என்றார். "இயல்பு நவிற்சியில சேர்த்திருக்கேன். உன் பேரோட."

"அப்படியா? படிங்க, கேக்கறேன்."

அவர் படித்தார். ஒரு முழுப் பக்கத்தையும் படித்தார்.  படிக்கும்போது நடுநடுவே நிமிர்ந்து மனைவியின் முகத்தைப் பார்த்தார். அப்படிப் பார்ப்பதே அவருக்குப் புதுசாக இருந்தது. 'நம்புவது ஒன்றே' என்ற இடத்தில் அந்த அம்மாளின் கை ஒரு கணம் நின்றது.

"நல்லா எழுதியிருக்கீங்க" என்றார் மெதுவாக. "நிஜமாவே நல்லா இருக்கு."

"தப்பு என்மேலதான். இத்தனை வருஷம்…" என்று ஆரம்பித்தார் அணி சார்.

"விடுங்க. இப்பதான் புரிஞ்சிடுச்சே" என்று மனைவி சிரித்தார். எவ்வளவோ நாளைக்குப் பிறகு பார்க்கிற சிரிப்பு.

உள்ளே கைப்பேசி அடித்தது. முதலாளியாகத்தான் இருக்கும், வெள்ளிக்கிழமை அல்லவா. அணி சார் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். மனசு லேசாக இருந்தது. மன்னிப்பு கிடைத்துவிட்டது, பாடத்தைச் சரியாகத் திருத்தியாகிவிட்டது, புத்தகம் குறித்த நாளில் வந்துவிடும். மூன்று எட்டு வைத்துக் கூடத்துக்கு வந்து கைப்பேசியை எடுக்கக் குனிந்தார்.

பின்னால் சமையலறையில் கத்தி பலகையில் பட்டுக்கொண்டிருந்தது. டக், டக், டக். ஒரே சீராக.

திரும்பிப் பார்த்தார். சமையலறை வாசல் கறுப்பாக இருந்தது.

கைப்பேசி அடித்து அடித்து ஓய்ந்தது. அணி சார் தன் வலது கையைப் பார்த்தார். அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. கத்திச் சத்தம் நிற்கவில்லை. வேகம்கூடக் குறையவில்லை. அவர் மூன்று எட்டும் திரும்ப நடந்து போய் விளக்கைப் போட்டார். அரை வெங்காயம் பொடிப்பொடியாக, ஒரே அளவில் நறுக்கியிருந்தது.

மனைவி நிமிர்ந்தார். "என்னங்க, எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

"விளக்கு…" என்றார் அணி சார். 

அந்த அம்மாள் மேலே விளக்கைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"அணைச்சிருந்தீங்களா?" என்றார். "நான் கவனிக்கவே இல்லையே."